காரின் விலை இணையதளத்துக்கு எப்படித் தெரிகிறது? டீலர்களின் கவலையும் வாங்குபவரின் தனியுரிமையும்

அமெரிக்காவில் புது கார் வாங்குகிறவர்களில் பலர் ஷோரூமுக்குள் நுழையும் முன்பே விலையைத் தெரிந்துகொண்டு போகிறார்கள். இந்த மாடலை உங்கள் வட்டாரத்தில் மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று ட்ரூகார், எட்மண்ட்ஸ், கெல்லி புளூ புக் போன்ற தளங்கள் சொல்லிவிடுகின்றன. டீலர்கள் இதை எதிர்த்துக் குரல் எழுப்பும்போதெல்லாம், "விலை வெளியே தெரிந்தால் இஷ்டத்துக்கு லாபம் வைக்க முடியாது, அதனால்தான் கத்துகிறார்கள்" என்பதே பொதுவான பதில். டீலர்களோ, "எங்கள் வாடிக்கையாளரின் தகவலைக் காக்கிறோம்" என்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டுமே பாதிதான்.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகக் கட்டிப் பேசுவது. விலை வெளியே தெரியலாமா என்பது ஒன்று. அந்தத் தளத்துக்கு யார், எதற்காகப் பணம் கொடுக்கிறார்கள் என்பது இரண்டாவது. விலையைக் கணக்கிடத் தேவையான தகவல் யாருடைய கணினியிலிருந்து போகிறது என்பது மூன்றாவது. மிகக் குறைவாகப் பேசப்படுவது இந்த மூன்றாவதுதான். கார் வாங்குகிறவரை நேரடியாகத் தொடுவதும் அதுதான்.

## விலைப் பலகையும் கணக்கு நோட்டும்

தெருமுனை மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். வாசலில் பலகை வைத்து "துவரம்பருப்பு கிலோ இவ்வளவு" என்று எழுதிப் போட்டால், அது விலை விளம்பரம். தெருவில் போகிற யாரும் படிக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. கடைக்குள் இன்னொன்று இருக்கிறது: கணக்கு நோட்டு. யார் என்ன வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார், யாருக்கு எவ்வளவு குறைத்துக் கொடுத்தோம், யார் கடன் சொன்னார், எந்தத் தேதியில் திருப்பித் தருவதாகச் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

வெளியாள் ஒருவர் வந்து, "உன் கடைக்கு நான் ஆள் அனுப்புகிறேன். நான் அனுப்பியவர் வாங்கினாரா என்று சரிபார்க்க, தினமும் ராத்திரி அந்த நோட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்பு" என்கிறார். கடைக்காரர் ஒப்புக்கொள்கிறார். அந்த ஆள் தெருவில் உள்ள பத்துக் கடைகளிலும் இதையே செய்து, எல்லா நோட்டையும் சேர்த்துப் பார்த்து, "இந்தத் தெருவில் பருப்பின் உண்மையான விலை இது" என்று அறிவிக்கிறார். அறிவிப்பு ஊருக்குப் பயன்படுகிறது. ஆனால் நோட்டில் தன் பெயரும் கடனும் இருப்பதை அறியாத வாடிக்கையாளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கார் விலைத் தளங்களைச் சுற்றிய சண்டையின் அடிப்படை இதுதான்.

பலகை அமெரிக்காவுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு புது காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்டியாக வேண்டும் என்று 1958இலேயே சட்டம் வந்தது. ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டம் என்பதால் அந்தச் சீட்டை இன்றும் மன்ரோனி ஸ்டிக்கர் என்கிறார்கள். கெல்லி புளூ புக் 1926இலிருந்தும் எட்மண்ட்ஸ் 1966இலிருந்தும் விலைப் புத்தகம் போட்டு வந்தன. இவற்றோடு டீலர்கள் பல பத்தாண்டுகள் காலம் தள்ளினார்கள். இணையதளங்கள் பலகையைத் தாண்டி நோட்டுக்கு வந்தபோதுதான் சண்டை முற்றியது.

## ஒரு காருக்கு ஏன் இத்தனை விலை?

ஸ்டிக்கரில் இருப்பது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் சில்லறை விலை. இதை எம்.எஸ்.ஆர்.பி. என்பார்கள். டீலருக்குத் தொழிற்சாலை போடும் பில்லில் இருப்பது இன்வாய்ஸ் விலை. இன்வாய்ஸ்தான் டீலரின் அடக்கவிலை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கார் விற்ற பிறகு தயாரிப்பாளர் டீலருக்கு ஒரு தொகையைத் திருப்பித் தருவார். அதற்கு ஹோல்ட்பேக் என்று பெயர். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், பெரும்பாலும் எம்.எஸ்.ஆர்.பி.யில் 2 முதல் 3 சதவீதம் வரை இருக்கும். இதைத் தவிர, தேங்கிய மாடல்களைத் தள்ளிவிட டீலருக்கென்று தனி ஊக்கத்தொகையும் வருவதுண்டு. வாங்குபவர் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் விலைதான் பரிவர்த்தனை விலை. தளங்கள் தேடுவது இதைத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எம்.எஸ்.ஆர்.பி. 32,000 டாலர், இன்வாய்ஸ் 29,800 டாலர். ஹோல்ட்பேக் 2 சதவீதம் என்றால் 640 டாலர். ஊக்கத்தொகை 500 டாலர். டீலரின் நிகர அடக்கம் 28,660 டாலர்.

இந்தக் காரை 29,500 டாலருக்கு விற்றால், இன்வாய்ஸை விட 300 டாலர் குறைவு. வாங்குபவருக்கு டீலர் நஷ்டத்தில் தருவதாகத் தோன்றும். உண்மையில் 840 டாலர் மீதம் இருக்கிறது. ஆனால் அந்த 840 அப்படியே கையில் நிற்காது. ஆள் அனுப்பிய தளத்துக்கு 299 டாலர் போகும். டீலர் தன் கையிருப்புக் கார்களைக் கடன் வாங்கித்தான் நிறுத்தி வைக்கிறார். அதற்கு ஃப்ளோர்பிளான் கடன் என்று பெயர். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் அந்தக் கார் 60 நாள் நின்றிருந்தால் சுமார் 343 டாலர் வட்டி. விற்பனையாளருக்குக் குறைந்தபட்ச கமிஷன் 150 டாலர் என்று வைத்தால் மிஞ்சுவது 48 டாலர். இடத்து வாடகையும் மின்சாரமும் இன்னும் கணக்கில் வரவில்லை.

டீலருக்காக இரக்கப்படச் சொல்லி இதை எழுதவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்தால்தான் அடுத்த நடப்பு புரியும். கார் விலையில் விட்டதை வேறு இடத்தில் பிடிப்பார்கள்: கொடுக்கும் பழைய காருக்கு மதிப்பைக் குறைப்பது, கடன் வட்டியில் அரை, ஒரு சதவீதம் ஏற்றுவது, நீட்டித்த வாரன்டியைத் தலையில் கட்டுவது, ஆவணக் கட்டணம் போடுவது. ஆவணக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 85 டாலர் உச்சவரம்பு. ஃபுளோரிடாவில் வரம்பே கிடையாது. ஆகவே, தளம் காட்டும் மிகக் குறைந்த விலையும் நீங்கள் கடைசியில் கொடுக்கும் தொகையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது: இன்வாய்ஸ் என்பது அடக்கவிலை அல்ல. தளங்களுக்கு மதிப்புள்ள விலை, யாரோ ஒருவர் உண்மையில் கொடுத்த பரிவர்த்தனை விலை. அது எந்த ஸ்டிக்கரிலும் அச்சாகியிருக்காது.

## தளம் எங்கே காசு பார்க்கிறது?

விலை பார்ப்பவரிடம் தளம் ஒரு பைசா வாங்குவதில்லை. அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும்தான் அதற்குச் சரக்கு. தொழிலில் இதை லீட் என்பார்கள்: கார் வாங்கும் எண்ணத்தோடு விவரம் கொடுத்த ஒருவர்.

பழைய முறையில், டீலர் ஒவ்வொரு லீடுக்கும் காசு கொடுப்பார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கட்டணம் உண்டு. பெயர் தப்பு, எண் தப்பு, ஏற்கெனவே கார் வாங்கிவிட்டவர் என்று பாதிக்குப் பாதி வீணாகும் என்பது டீலர்களின் நீண்டகாலக் குறை. 2005இல் ஸ்காட் பெயின்டர் தொடங்கிய ஜாக் நிறுவனமும், அதிலிருந்து வளர்ந்த ட்ரூகாரும் இதை மாற்றின. விற்றால் மட்டும் காசு: புது காருக்கு 299 டாலர், பழைய காருக்கு 399 டாலர். டீலர்களுக்கு இது இனித்தது.

ஆனால் விற்றதா இல்லையா என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? டீலர் சொல்வதை நம்பினால், விற்றதையும் விற்கவில்லை என்பார் என்ற பயம். அதனால் தளம் டீலரின் விற்பனைப் பதிவை எடுத்து, தான் அனுப்பிய லீட் பட்டியலோடு ஒப்பிட்டது. பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை பொருந்தினால் பில் போகும். இதைப் பொருத்திப் பார்த்தல் என்று சொல்லலாம்.

சிக்கல் இங்கேயே முளைக்கிறது. பத்து லீட் அனுப்பிய தளம், அந்தப் பத்துப் பேரைக் கண்டுபிடிக்க அந்த மாதம் கார் வாங்கிய 150 பேரின் பதிவையும் பார்க்க வேண்டும். மீதி 140 பேர் அந்தத் தளத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களாக இருக்கலாம். நேரே ஷோரூமுக்கு நடந்து வந்து, கைகுலுக்கி, வாங்கிப் போனவர்கள். அவர்களுடைய பதிவும் சேர்ந்தே போகிறது.

பொருத்திப் பார்ப்பதில் தகராறும் வரும். கணவர் பெயரில் லீட், மனைவி பெயரில் கார். மூன்று வாரமாக ஷோரூமுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தவர், கடைசி நாள் கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை தளத்தில் விலை பார்த்திருப்பார், "நானே பிடித்த ஆளுக்கு எதற்கு 299?" என்று டீலர் கேட்பார். ராணுவக் குடும்பங்களுக்கான நிதிச் சேவை அமைப்பான யு.எஸ்.ஏ.ஏ. போன்றவற்றின் கார் வாங்கும் சேவையையும் பல ஆண்டுகள் ட்ரூகார்தான் பின்னாலிருந்து நடத்தியது. உறுப்பினர் தன் சங்கத்தின் பக்கத்தில் விவரம் கொடுத்ததாகவே நினைத்திருப்பார்.

## டீலரின் கணினிக்குள் என்ன இருக்கிறது?

விற்பனை, கடன், பழுதுபார்ப்பு, உதிரிபாகம், கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருளுக்கு டீலர் நிர்வாக மென்பொருள், சுருக்கமாக டி.எம்.எஸ்., என்று பெயர். அமெரிக்காவில் இந்தச் சந்தையின் பெரும்பகுதி சி.டி.கே. குளோபல், ரெனால்ட்ஸ் அண்ட் ரெனால்ட்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களிடம் நீண்டகாலம் இருந்து வருகிறது.

கடனில் விற்ற ஒரு காரின் பதிவைத் திறந்தால் கண்ணில் படுவது இவ்வளவு: காரின் 17 எழுத்து அடையாள எண் (இதை வின் என்பார்கள்), மாடல், கூடுதல் அம்சங்கள், விற்ற தேதி, விற்ற விலை. விலை வரைபடம் போட இவையும் ஒரு அஞ்சல் குறியீடும் போதும். ஆனால் அதே பதிவில் வாங்கியவரின் முழுப் பெயர், முகவரி, பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண், கடன் விண்ணப்பத்துக்காகக் கொடுத்த சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்), வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம், கடன் கொடுத்த வங்கி, வட்டி விகிதம், மாதத் தவணை, கொடுத்த பழைய காரில் பாக்கியிருந்த கடன் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். அட்டவணையின் பக்கத்துப் பத்தியில் அந்தக் காரில் டீலருக்குக் கிடைத்த லாபமும் இருக்கும். இதனால்தான் டீலரின் வியாபார ரகசியமும் வாங்குபவரின் தனியுரிமையும் பிரிக்க முடியாமல் ஒட்டிக் கிடக்கின்றன.

இந்தத் தகவல் வெளியே போக இரண்டு வழி. இழுப்பது ஒன்று: டீலர் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிடுவார், வெளி நிறுவனமோ அதன் இடைத்தரகரோ தினமும் இரவில் உள்ளே நுழைந்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். மற்றொன்று தள்ளுவது: என்னென்ன பத்திகள் போக வேண்டும் என்று டீலர் தீர்மானித்து, அதை மட்டும் ஒரு கோப்பாக்கி அனுப்புவார். இழுப்பது சுலபம் என்பதால் பல காலம் அதுவே வழக்கமாக இருந்தது. ஆறு பத்தி கேட்ட நிறுவனத்துக்கு முழு அட்டவணையும் போனது, பத்தி பத்தியாகப் பிரிக்க யாருக்கும் நேரமில்லாததால். ஒப்பந்தம் முடிந்து ஒரு வருஷம் ஆன நிறுவனத்தின் கடவுச்சொல் இன்னும் வேலை செய்யும், மூட வேண்டியது யார் வேலை என்று முடிவாகாததால். நான்கு நிறுவனங்களுக்கு ஒரே பயனர் பெயரைக் கொடுத்திருந்தால், எது யார் எடுத்தது என்று பின்னால் கண்டுபிடிக்கவும் முடியாது.

அமெரிக்க டீலர்களின் தேசியச் சங்கமான என்.ஏ.டி.ஏ. 2013இல் தன் உறுப்பினர்களுக்கு அனுப்பிய குறிப்பில், இழுக்க விடாதீர்கள், நீங்களே தள்ளுங்கள் என்று சொன்னது. அது சரியான அறிவுரை. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டியது.

## இரண்டு மோதல்கள்

2011 கடைசியில் ட்ரூகார் நாடு முழுவதும் தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. கோயில் மணி போன்ற வளைகோட்டில் இது நல்ல விலை, இது அதிக விலை என்று வண்ணம் பிரித்துக் காட்டியது. டீலர்கள் கொதித்தார்கள். ஒரே ஊரின் டீலர்கள் அடுத்தவரை விட ஒரு டாலராவது குறைத்துக் காட்ட வேண்டிய நிலை. அப்படிக் குறைத்து விற்ற விலை பரிவர்த்தனைப் பதிவாகித் திரும்பவும் தளத்துக்கே போய், அடுத்த மாதச் சராசரியை இறக்கியது. தான் கொடுத்த தகவலே தன் விலையை இறக்குகிறது என்று டீலர் சொன்னது இதைத்தான். இன்வாய்ஸுக்குக் கீழே விலை காட்டும் டீலர்களுக்கு உள்ளூர் விளம்பர உதவித்தொகையை நிறுத்துவோம் என்று ஹோண்டா எச்சரித்தது. உரிமம் இல்லாமல் ட்ரூகார் தரகு வேலை செய்கிறதா என்று சில மாநிலங்களின் அதிகாரிகளும் கேட்டார்கள். ஒரு விற்பனைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவது பல மாநிலச் சட்டங்களில் தரகாகவே கருதப்படும். டீலர்கள் கூட்டம் கூட்டமாக விலகினார்கள். 2012இல் ட்ரூகார் விளம்பரத்தையும் விலை காட்டும் முறையையும் மாற்றிக்கொண்டது.

அந்த மோதலில் பேச்சு பெரும்பாலும் விலையைப் பற்றித்தான். தகவல் பற்றிய தெளிவான மோதல் 2015 ஜூலையில் வந்தது. அப்போது நாட்டின் மிகப் பெரிய கார் சில்லறை விற்பனைச் சங்கிலியாக இருந்த ஆட்டோநேஷன், ட்ரூகாரை விட்டு விலகியது. ட்ரூகார் வழியாக வந்தவர்களின் விவரத்தைக் கொடுக்கத் தயார், எங்களிடம் வாங்கும் எல்லா வாடிக்கையாளரின் விவரத்தையும் கேட்பதை ஏற்க முடியாது என்றார் அதன் தலைவர் மைக் ஜாக்சன். பில்லைச் சரிபார்க்க அது தேவை என்பது ட்ரூகாரின் வாதம். ஆட்டோநேஷன் விற்பனையில் ட்ரூகார் வழியாக வந்தது சுமார் 3 சதவீதம்தான். அந்த 3 சதவீதத்துக்காக மீதி 97 சதவீதத்தின் பதிவையும் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி. அதே ஆண்டு ஆகஸ்டில் பெயின்டர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அறிவித்தார்.

ஆட்டோநேஷனுக்குத் தன் வியாபார நலனும் இதில் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சுயநலத்தோடு சொன்னதால் ஒரு வாதம் பொய்யாகிவிடாது. கேட்காத 97 பேரின் விவரம் போகக் கூடாது என்பது, யார் சொன்னாலும் நியாயம்.

## பெயரை எடுத்துவிட்டால் போதாதா?

தளங்கள் தரும் பதில் இது: விலைக் கணக்குக்குப் பெயர் தேவையில்லை, நீக்கிவிடுகிறோம். இதை அடையாளம் நீக்குதல் என்பார்கள். பலன் உண்டு, ஆனால் பலரும் நம்பும் அளவுக்கு இல்லை.

வின் எண் ஒவ்வொரு காருக்கும் தனி. பெயரை எடுத்துவிட்டு வின்னை விட்டுவைத்தால், காப்பீடு, சர்வீஸ் வரலாறு என்று அதே வின் இருக்கும் வேறு எந்தப் பட்டியலோடும் சேர்த்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். வின்னையும் எடுத்தாலும், சிறு ஊரில் அந்த வாரம் அந்த மாடலில் அந்த நிறத்தில் ஒரே ஒரு கார்தான் விற்றிருக்கும். அஞ்சல் குறியீடும் தேதியும் சேர்ந்தால் ஆள் வெளியே வந்துவிடுவார். மாநிலங்களின் வாகனப் பதிவிலிருந்து உரிமையாளர் விவரம் கொடுப்பதை 1994இன் ஓட்டுநர் தனியுரிமைச் சட்டம் இறுக்கிவிட்டது. அந்தக் கதவு ஒடுங்கிய நிலையில், அதே தகவல் இருக்கும் டீலரின் கணினிக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது.

பாதுகாப்பான வழி எளிமையானது: வின்னின் முதல் சில எழுத்துகளை மட்டும் அனுப்பினால் மாடல் தெரியும், எந்தக் கார் என்பது தெரியாது. தேதிக்குப் பதில் மாதம். ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் முதல் மூன்று இலக்கம். விலை வரைபடம் இதனால் கெட்டுப்போகாது. பொருத்திப் பார்ப்பதற்கும் மொத்தப் பட்டியலை அனுப்பத் தேவையில்லை. தளம் தன் பத்து லீட்களை டீலருக்கு அனுப்பி, வாங்கியவர் யார் என்று கேட்கலாம். இந்த முறையில் நோட்டு கடையை விட்டு வெளியே போவதே இல்லை. ஆனால் அப்போது தளம் டீலரின் சொல்லை நம்ப வேண்டும். அந்த அவநம்பிக்கையின் விலையை இத்தனை காலம் கொடுத்துவந்தது மூன்றாவது ஆளான வாடிக்கையாளர்.

## சட்டம் என்ன சொல்கிறது?

கார் டீலர் அமெரிக்கச் சட்டப்படி ஒரு நிதி நிறுவனம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். கடன் ஏற்பாடு செய்து தருவதாலும், 90 நாளுக்கு மேல் கார் குத்தகைக்கு விடுவதாலும் 1999இன் கிராம்–லீச்–பிளைலி சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். இதன்படி, தொடர்பில்லாத வெளி நிறுவனத்துக்கு வாடிக்கையாளரின் நிதித் தகவலைக் கொடுக்கும் முன் அவருக்கு அறிவிப்பு தந்து, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் தர வேண்டும். டீலருக்காக வேலை செய்யும் சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த வேலைக்கு மட்டும்தான் தகவலைப் பயன்படுத்தலாம். பில் சரிபார்க்க வாங்கிய பதிவை வைத்தே விலை ஆய்வும் செய்து விற்றால் அது எந்த வேலைக்குள் அடங்கும்? டீலர்களின் வக்கீல்கள் பிடித்துக்கொண்டது இந்த முடிச்சைத்தான். ரொக்கமாக வாங்கியவருக்கு இந்தச் சட்டத்தின் காப்பு பெரும்பாலும் கிடைக்காது; 2020இல் நடைமுறைக்கு வந்த கலிஃபோர்னியா நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் போன்ற மாநிலச் சட்டங்களை நம்ப வேண்டும்.

பாதுகாப்புக்கென்று தனி விதியும் இருக்கிறது. கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி. திருத்திய பாதுகாப்பு விதி 2023 ஜூன் 9 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. பொறுப்புக்கு ஒரு தகுதியான ஆள், தகவலைச் சங்கேதமாக்கி வைப்பது, இரண்டடுக்கு உள்நுழைவு, வெளி நிறுவனங்களைக் கண்காணிப்பது ஆகியவை கட்டாயம். 2024 மே 13 முதல், குறைந்தது 500 பேரைப் பாதிக்கும் கசிவை 30 நாளுக்குள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

சுருக்கமாக: தகவல் எங்கே போனாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் டீலர். தளத்தைக் கண்டு அவர் பயப்படுவதில் இந்தப் பொறுப்புக்கும் பங்குண்டு.

## கசிவு எங்கே நடந்தது?

இந்தப் பயம் கற்பனையல்ல. டீலர்பில்ட் என்ற டி.எம்.எஸ். நிறுவனத்தில் ஊழியர் ஒருவர், காப்புப் பிரதி எடுப்பதற்காக ஒரு சேமிப்புக் கருவியை வலையமைப்பில் இணைத்தார். பாதுகாப்பாக அமைத்தாரா என்று யாரும் பார்க்கவில்லை. சுமார் 18 மாதம் அது திறந்தே கிடந்தது. 2016இல் ஒருவர் உள்ளே புகுந்தார். எஃப்.டி.சி.யின் புகார்ப்படி, சுமார் 130 டீலர்களின் 1.25 கோடி வாடிக்கையாளர் தகவல் சங்கேதமில்லாமல் அங்கே இருந்தது. 2019இல் வழக்கு சமரசமாக முடிந்தது. அந்த 1.25 கோடிப் பேரில் எத்தனை பேர் அதற்கு முன் டீலர்பில்ட் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்?

2024 ஜூனில் சி.டி.கே. மீது இணையத் தாக்குதல் நடந்தபோது சுமார் 15,000 ஷோரூம்கள் முடங்கின. விற்பனையாளர்கள் காகிதத்தில் ஒப்பந்தம் எழுதினார்கள். இந்த இரண்டிலும் விலைத் தளங்களுக்குப் பங்கில்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். டீலர்களே தேர்ந்தெடுத்த மென்பொருள் நிறுவனங்களில் நடந்தவை இவை. தளத்தின் மேல் மட்டும் விரல் நீட்டும் டீலர், தன் டி.எம்.எஸ். ஒப்பந்தத்தையும் அதே கண்ணோடு படிக்க வேண்டும்.

## வாங்குபவர் செய்ய வேண்டியவை

விலைத் தளத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. விவரம் கொடுக்காமல் சராசரி விலையைக் காட்டும் தளத்தில் முதலில் பாருங்கள். படிவம் நிரப்பியே ஆக வேண்டும் என்றால், கார் தேடலுக்கென்று ஒரு தனி மின்னஞ்சலும், கூகுள் வாய்ஸ் போன்ற தனி எண்ணும் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் பொத்தானுக்கு மேலே உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். எத்தனை டீலருக்கு எண் போகும், தானியங்கி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் சம்மதிக்கிறீர்களா என்பது அங்கேதான் இருக்கும். மூன்று டீலருக்குப் போனால் சில நிமிடங்களில் மூன்று அழைப்பு வரும்.

டீலரிடம் கேட்க வேண்டியது காரின் விலையை மட்டும் அல்ல. வரி, பதிவு, ஆவணக் கட்டணம், கூடுதல் பொருட்கள் எல்லாம் சேர்த்து வாசலைத் தாண்டும்போது எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு தொகையைத்தான் டீலருக்கு டீலர் ஒப்பிட வேண்டும். பழைய காரின் மதிப்பைத் தனியாகப் பேசுங்கள்.

விலை எழுத்தில் முடியும் வரை கடன் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டாம். சும்மா ஓட்டிப் பார்க்கச் சோஷியல் செக்யூரிட்டி எண் தேவையே இல்லை; ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினால் போதும், நகல் எடுத்தால் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியன் என்ற கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ முன்கூட்டியே கடன் ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனால், டீலரிடம் கொடுக்கும் விவரம் குறையும், வட்டியில் ஏற்றுவதற்கும் இடமிருக்காது.

கையெழுத்துப் போடும் கட்டுக் காகிதங்களில் தனியுரிமை அறிவிப்பு என்று ஒரு தாள் இருக்கும். பெட்டி பெட்டியாக ஒரு அட்டவணை. எந்தக் காரணத்துக்காகப் பகிர்கிறோம், அதை நீங்கள் தடுக்க முடியுமா என்று ஆம், இல்லை போட்டிருக்கும். தடுக்க முடியும் என்று உள்ள வரிகளுக்குப் பக்கத்தில், எப்படித் தடுப்பது என்ற எண்ணோ முகவரியோ தாளிலேயே அச்சாகியிருக்கும். வீட்டுக்குப் போன பிறகு பார்க்கலாம் என்று விட்டால் அந்தத் தாள் கையேட்டோடு சேர்ந்து காரின் கையுறைப் பெட்டிக்குள் போய்விடும். காரை எடுக்கும் முன், நிதிப் பிரிவு மேசையிலேயே அதை நிரப்பிக் கொடுத்து, தேதியுடன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.